அக்காவுக்குத் தலை முழுகியவன்

2016 ஜனவரி 19, செவ்வாய். கோத்தகிரி

கடைவாய்ப்பல் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு. மூன்று நாளைக்குப் பாடக்கூடாதாம். கிடாருக்கு வாய் வேண்டாம்தான், ஆனாலும் பாடாமல் வாசித்தால் இலை போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி இருக்கிறது. அதனால்தான் மருந்துக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் டைரி எழுத ஆரம்பிப்பவன் ஒன்று மகாத்மாவாக இருக்க வேண்டும், அல்லது பல்வலிக்காரனாக இருக்க வேண்டும்.

சாயந்திரம் இலங்கையிலிருந்து ஜெயசீலன் என்று ஒருவர் பேசினார். ஹட்டனில் ஒரு நலன்புரி மன்றத்துச் செயலாளர். மண்சரிவில் லயம் இடிந்துபோன ஒரு தோட்டத்து ஜனங்களுக்கு வீடு கட்ட நிதி திரட்டுகிறார்களாம், நான் வந்து வாசிக்க வேண்டுமாம். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகள். நான் பிறந்ததும் அப்படி ஒன்றில்தான்.

"ஒங்கள விட்டா இதுக்குப் பொருத்தமான ஆளே இல்லைங்க சேர். மண்சரிவுல அக்காவப் பறிகுடுத்தவரு நீங்க" என்றார்.

பல் வலிக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்போது பல் வலிக்கவில்லை.

ஜனவரி 21, வியாழன்

எஸ்தரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கட்டின நாளிலிருந்து என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் எடுக்கிறாள். ஜெயசீலன் இரண்டாம் தடவை பேசியபோதும் அவள்தான் எடுத்தாள்.

"அவரு கண்டிப்பா வருவாரு சார். டிக்கெட் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்க அக்கா செத்த மண்ணு. நாப்பத்திரண்டு வருஷமா ஒரு தடவகூட எட்டிப் பாக்கலையே, மனசு கேக்குதா உங்களுக்கு?"

கேட்கவில்லைதான். ஆனால் அவள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஜனவரி 24, ஞாயிறு

விழா மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருந்தார்கள். எழுதி அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"இயற்பெயர் தங்கையா. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். நாலு வயதில் தாயை இழந்தேன். எட்டு வயது மூத்த அக்கா பவுனம்மாதான் வளர்த்தாள். இரு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. 1974-இல் அப்பாவும் நானும் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரம் வந்தோம். அக்கா வரவில்லை. பின்பு மண்சரிவில் மாண்டாள். அப்பா கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். நான் குன்னூரில் ஒரு கிளப்பில் தட்டுக் கழுவினேன். அங்கே சனிக்கிழமைகளில் கன்ட்ரி வாசிப்பார்கள். மாடு மேய்க்கிறவன், ரயில், பிரிந்துபோன வீடு என்று பாடுகிற அமெரிக்க நாட்டுப்பாட்டு. பாஷை புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. ஒருநாள் கிடார்காரருக்கு மஞ்சள்காமாலை. ஒளிந்து ஒளிந்து பழகியிருந்த நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கையா என்று வாயில் நுழையாததால் ரெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2006-இல் தமிழில் கன்ட்ரிப் பாடல்கள் தொகுப்பாக வந்தன. 'கப்பல் ஏறாத பவுனு' என்ற பாட்டை உலகமெங்கும் தமிழர்கள் கேட்கிறார்கள்."

இதில் ஒரு வரியைத் தவிர எல்லாம் உண்மை. அந்த ஒரு வரியால்தான் மற்றதெல்லாம் விலை போகிறது.

ஜனவரி 28, வியாழன்

காலையில் கார் பேட்டரி செத்துவிட்டது. தள்ளிவிட நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் தள்ளிவிட்டுச் செல்ஃபி எடுத்தார்கள். மேடையில் போடுகிற கௌபாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னான் ஒருவன். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி கிடக்கிறது. பெயர் சுதர்ஷினி, தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. "நீங்க தங்கையா மாமாவா? என்னோட அம்மா பேர் பவுனம்மா."

அவ்வளவுதான் செய்தி. எத்தனை தடவை படித்தாலும் அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, செவ்வாய்

எழுதிவிடலாம். டைரியை எஸ்தர் படிக்கமாட்டாள், என் கையெழுத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலைவலி வரும்.

பாட்டில் அக்கா செத்தாள் என்று எங்கேயும் இல்லை. "கப்பல் ஏறி நாங்க வந்தோம், பவுனு ஏறல, கடல்ல முங்கி எழுந்த பின்னும் கண்ணு ஆறல" என்றுதான் இருக்கிறது. ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைச் செத்தவளாக நினைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், தலை முழுகிவிட்டோம் என்பார்கள். அக்கா கட்டிக்கொண்ட ராஜலிங்கம் அத்தான் இலங்கைக் குடியுரிமை கேட்டிருந்தார். அவள் அவர் பக்கம் போய்விட்டாள். அப்பா பொறுத்திருந்து, ராமேஸ்வரத்தில் இறங்கினதும் முதல் காரியமாக என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய் மூன்று முங்கு முங்கவைத்தார். பாட்டு அதைத்தான் சொல்கிறது.

டி.வி.யில் பேட்டி எடுத்த பெண்ணுக்கு அது புரியவில்லை. சின்னப் பெண், பட்டணத்துப் பிள்ளை. கண் கலங்கிப்போய், "அக்கா எப்படி சார் இறந்தாங்க?" என்று கேட்டாள். காமிரா என் முகத்துக்குக் கிட்டே வந்தது. "மண்ணு சரிஞ்சும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள், அது மட்டும் அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாக வந்தது. மறுவாரம் கேசட் கடைகளில் பாட்டு கிடைக்கவில்லை, அவ்வளவு விற்றது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நான் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, சனி

ஜெயசீலன் அக்காவின் போட்டோ கேட்டார். மேடையில் மாலை போட்டு வைக்கவாம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் அதற்குள் அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டுக்காக ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். அப்பா, நான், நடுவில் அக்கா. அப்போது அவளும் வருவதாகத்தான் இருந்தாள்.

அப்பாவையும் என்னையும் வெட்டிவிட்டு அவளை மட்டும் அனுப்பினேன். என் தோளில் இருந்த அவள் கை மட்டும் பாதியில் நிற்கிறது.

பிப்ரவரி 9, செவ்வாய்

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் போடவில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி

கிடாருக்குக் கம்பி மாற்றினேன். எல்லாம் முடித்துவிட்டு "ஆமாம், நான்தான்" என்று பதில் போட்டேன்.

உடனே வந்தது. "அம்மா நாலு வருஷத்துக்கு முந்தியே ரேடியோவுல கேட்டுக் கண்டுபிடிச்சிட்டாங்க மாமா. யாருகிட்டயும் சொல்ல வேணான்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப நீங்க வாறது எங்க தோட்டத்துக்காகத்தான். அதான் அம்மாவுக்குத் தெரியாம எழுதினேன்."

பிறகு இன்னொன்று. "அம்மா அப்புறம் போட்ட கடுதாசிக்கெல்லாம் ஏன் மாமா பதில் போடல?"

கடுதாசி. அதையும் எழுதத்தான் வேண்டும். அப்பா 1989-இல் போனபோது அவர் பெட்டியில் அக்காவின் கடிதங்கள் ஆறு இருந்தன. ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. நான் பிரித்தேன். விலாசம் இருந்தது. இரண்டு பதில் போட்டேன், அவளும் எழுதினாள். பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னாள், தாய்மாமன் நீ வந்து காப்புப் போட வேண்டும் என்றாள். எனக்கு அப்போது கிளப்பில் பேர் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். என்னை எல்லோரும் ரெக்ஸ் என்று கூப்பிட்டார்கள், பாதிப் பேர் சட்டைக்காரன், அதாவது ஆங்கிலோ-இந்தியன் என்றே நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. லயத்திலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் எழுத நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. வெட்கம்தான் இருந்தது, அதைவிடப் பெரிய வெட்கம் வருமென்று அப்போது தெரியாது.

கல்யாணம் பேசும்போது எஸ்தரிடம் எனக்கு யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். "அக்கா?" என்றாள். "போயிட்டா" என்றேன். ஆக, முதலில் கொன்றது டி.வி.யில் இல்லை. இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

பிப்ரவரி 18, வியாழன். கொழும்பு

வந்து சேர்ந்தேன். வரவேற்க ஜெயசீலனும் நாலு பேரும் மாலையோடு நின்றார்கள். சாந்தமான மனிதர், வங்கியில் வேலை, வீடு கட்டும் நிதிக்காகத் தன் லீவையெல்லாம் தீர்த்திருக்கிறார். இப்படிப்பட்டவரிடமா நான் பொய் விற்றேன் என்று இருந்தது.

"விளக்கேத்த அந்தத் தோட்டத்துலயே மூத்த கொழுந்தெடுத்த அம்மா ஒராளக் கூப்பிட்டிருக்கோம் சேர். அக்கா படத்துக்கு முன்னால அவங்க ஏத்துறதுதான் பொருத்தம்" என்றார்.

யார் என்று கேட்டேன். பெயரைத் தாளில் பார்த்துச் சொன்னார். "ராஜலிங்கம் பவுனம்மா. பாருங்க, ஒங்க அக்கா பேருதான்."

அந்தப் பெயர் தோட்டத்துக்கு நாலு இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பிப்ரவரி 20, சனி. ஹட்டன்

மண்டபம் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். மழை இல்லை. சவுண்டு சிஸ்டம் சரியில்லை, மூன்றாவது கம்பி தொட்டால் கீச்சென்று கத்தியது. இதையெல்லாம் எழுதுகிறேன், எழுத வேண்டியதை விட்டுவிட்டு.

மேடையின் இடதுபக்கம் அக்காவின் படம், பெரிதாக்கி, சந்தனமாலை போட்டு. கீழே குத்துவிளக்கு. நான் தொப்பியோடு வலதுபக்கம் நாற்காலியில். மைக்கில் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். நீலச் சேலை, நரைத்த கொண்டை, மெலிந்த உடம்பு. நடை மட்டும் அக்கா நடை. கூட எழுந்த பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தாள்.

மேடைக்கு மூன்று படி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். என் முன்னால் வந்தபோது ஒரு தடவை நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் கை கூப்பினேன். பார்வையாளர்களுக்குக் கும்பிடுகிற அதே கும்பிடு. அவளும் கும்பிட்டாள். பிறகு தன் படத்துக்கு முன்னால் போய், கொடுத்த மெழுகுவத்தியை வாங்கி, ஐந்து திரியையும் பதறாமல் ஏற்றினாள். படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ பூத்தட்டை நீட்டினார்கள். தனக்குத் தானே பூப் போட்டாள்.

எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் என் முன்னால்தான் இருந்தது. நான் குனிந்து கிடாரைச் சுருதி சேர்த்தேன். அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது.

பிறகு பாடினேன். எல்லோரும் அழுதார்கள். நல்ல நிதி சேர்ந்தது என்று ஜெயசீலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் அந்த நாற்காலி அப்போது காலி.

பிப்ரவரி 21, ஞாயிறு

காலையில் ஒரு ஓட்டோ பிடித்து, யாரிடமும் சொல்லாமல், தொப்பி இல்லாமல் போனேன். இடியாமல் மிஞ்சிய லயம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சுதர்ஷினி வாசலில் நின்றாள், எங்கள் அம்மாவின் நெற்றி. "வாங்க மாமா" என்றாள், உள்ளே பார்த்து "அம்மா" என்று மட்டும் சொன்னாள், யார் என்று சொல்லவில்லை.

அக்கா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உக்காருங்க" என்றாள். என்னை வாங்க போங்க என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அக்கா, நான் தங்கையா."

"தெரியும். நேத்து கும்பிட்டீங்களே."

காலில் விழப் போனேன். கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"செத்தவகிட்டப் போயி யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?"

தேங்காய் ஒரு மூடி தீர்ந்து அடுத்ததை எடுத்தாள். அப்புறம்தான் ஒருமைக்கு வந்தாள்.

"ஒங் கதையில மண்ணு சரியிறப்ப எனக்கு என்னா வயசு?"

"பதினெட்டு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"அப்ப எம் புருசன், மூணு புள்ளைக, பேத்தி எல்லாத்தையும் சேத்துல்ல மண்ணுக்குள்ள போட்டுருக்க. நா ஒருத்தி செத்தா சரி, அப்பாதான் தலை முழுகுனாரே. இதுகளுக்கு யாரு முழுகுனா?"

சுதர்ஷினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. சுவரில் படம் இருந்தது, அதற்கும் மாலை. அது உண்மையான மாலை.

"ஏங்க்கா நேத்து நீ வந்த? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"பாக்கத்தான் வந்தேன். கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சு ஓடியாந்திருக்க முடியும். எம் முழங்காலு இப்பவும் கல்லு மாதிரி. மூணு படிக்கும் நின்னு நின்னு ஏறுனேன். ஒனக்கு நேரம் குடுத்தேன் தங்கையா."

துருவினதை வழித்துச் சட்டியில் போட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அதைக் குடித்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது, ஆனால் குடிக்காமல் எழுந்தால் அது இன்னும் மோசம்.

பிப்ரவரி 22, திங்கள். கொழும்பு

ஒரு வானொலியில் நேரடிப் பேட்டி. அறிவிப்பாளர் வழக்கமான இடத்துக்கு வந்தார். "அக்காவை இழந்த அந்த நாள்..." என்று குரலைத் தாழ்த்தினார்.

சொன்னேன். "அக்கா சாகல. உசுரோட இருக்கா. மண்சரிவுன்னு நான் சொன்னது பொய்" என்றேன். அவர் ஒலிவாங்கியைப் பார்த்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தார். நேரத்தை நிரப்ப வேண்டுமே, நானே பேசினேன். அப்பா கோபக்காரர், கடலில் முங்கச் சொன்னார், எனக்குப் பத்து வயது, அவள் செத்ததாகவே சொல்லி வளர்த்தார், அதுவே மனதில் பதிந்துவிட்டது, சின்னப்பிள்ளை என்ன செய்யும் என்றெல்லாம். சொல்லச் சொல்லப் பாரம் குறைந்தது. வெளியே வரும்போது கிட்டத்தட்ட விசிலடித்தேன்.

ஜெயசீலனின் செய்தி: "மக்களுக்கு நான் என்ன பதில் சொல்வது சேர்?"

பிப்ரவரி 25, வியாழன். கோத்தகிரி

எஸ்தருக்கு நான் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கதவைத் திறந்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உங்க அக்கா பேருக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். இருபத்திரண்டு வருஷம். பக்கத்துல நீங்க நின்னீங்க" என்றாள். "சோறு இருக்கு. சாப்பிடுங்க. எங்கிட்ட மட்டும் எதுவும் பேசாதீங்க."

சாப்பிட்டேன். ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

பிப்ரவரி 29, திங்கள்

மூன்று கச்சேரி ரத்து. இணையத்தில் பாட்டுக்குக் கீழே எழுதுகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். சிலர் பாவம், சின்ன வயதில் அப்பா செய்த கொடுமை என்கிறார்கள். திட்டுகிறவர்களைப் படித்துவிடலாம். பாவம் என்கிறவர்களைத்தான் படிக்க முடியவில்லை.

மார்ச் 3, வியாழன்

அப்பா செய்த கொடுமை இல்லை. கடலில் முங்கினபோது நான் அழவும் இல்லை. முதல் தடவை கடலுக்குள் இறங்குகிறேன், அலை வந்து தூக்குகிறது, எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று முங்குதான் சொன்னார், நான் நாலாவதும் முங்கினேன். அழுதது அப்பா. வானொலியில் இதை மாற்றிச் சொன்னேன். செத்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற தைரியம். எனக்கு இது கைவந்த தொழில் போலிருக்கிறது.

மார்ச் 6, ஞாயிறு

எஸ்தர் கோயிலுக்குப் போயிருக்கிறாள். காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்து, பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். சுதர்ஷினி எடுத்தாள்.

"லயத்துல எல்லாரும் ஒரே பேச்சு மாமா. அம்மாவப் பாக்கத் தெனம் ஆள் வருது."

"அம்மா கேட்டாங்களா, ரேடியோவுல பேசினத?"

"கேட்டாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "கடுதாசி வந்ததப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே மாமா. தாத்தா சொல்லித்தான் செத்துட்டதா நெனச்சேன்னு சொன்னீங்க. ரெண்டு பதில் போட்டீங்கல்ல, அத அம்மா இன்னும் வச்சிருக்காங்க."

அம்மாவிடம் கொடு, அதைத்தான் சொல்லக் கூப்பிட்டேன் என்றேன். உண்மையில் அதைச் சொல்லவா கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

"அம்மா, தங்கையா மாமா" என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு அக்காவின் குரல், கோபமே இல்லாமல், கடைக்காரருக்குப் பதில் சொல்லி அனுப்புவதுபோல, தெளிவாகக் கேட்டது.

"நா செத்துட்டேன்னு சொல்லு."

அந்தப் பிள்ளை போனை வைக்கவில்லை. பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நானும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.